நீலம் வரவில்லை, வந்தது நிற்கவில்லை: நுண்துளை நானோசைம் சோதனையில் பிழை பிடிக்கும் வழி

நாகர்கோவிலில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் முதுகலைப் பிள்ளைகளுக்குப் புராஜெக்ட் வழிகாட்டுகிறேன். டிசம்பரில் தொடங்கினால் மார்ச் கடைசிக்குள் திசிஸ் பைண்டிங்குக்குப் போக வேண்டும். அந்த நாலு மாதமும் என் அறை வாசலில் இரண்டு பேச்சுதான் மாறி மாறிக் கேட்கும். "மிஸ், நீலம் வரல்ல." "மிஸ், எல்லாக் குழியிலயும் நீலம்." இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது: சோதனைப் பிளேட்டில் அந்தப் பிள்ளை ஒப்பீட்டுக்காகப் போட்ட கண்ட்ரோல் குழிகளில், அல்லது போடாமல் விட்ட கண்ட்ரோல் குழிகளில். அவர்களுக்குச் சொல்லிச் சொல்லித் தேர்ந்த பேச்சைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சோதனை இதுதான். மில்-100 என்பது இரும்பு அயனிகளை டிரைமெசிக் அமிலம் கோர்த்துக் கட்டிய நுண்துளைச் சட்டகம். உலோகக் கரிமச் சட்டகங்கள் என்ற இந்தக் குடும்பத்துக்குத்தான் 2025ஆம் ஆண்டு கிட்டகாவா, ராப்சன், யாகி மூவருக்கும் வேதியியல் நோபல் கிடைத்தது. அந்தச் சட்டகத்தின் இரும்பு, முள்ளங்கி இனச் செடி ஒன்றிலிருந்து எடுக்கும் பெராக்சிடேஸ் நொதி செய்யும் வேலையைச் செய்கிறது. ஹைட்ரஜன் பெராக்சைடை உடைத்து, டிஎம்பி என்ற நிறமில்லாத சாயப்பொருளை நீலமாக்குகிறது. நொதி போல இப்படி வேலை செய்யும் நானோபொருளைத்தான் நானோசைம் என்கிறோம். சாதாரண இரும்பு ஆக்சைடு நானோதுகளுக்கே இந்தக் குணம் உண்டு என்று 2007இல் சீனாவில் யான் ஷியுன் குழு காட்டியபிறகுதான் இந்தத் துறை வேகம் பிடித்தது. நோய் அடையாளத்தை அளப்பது இதற்கு முந்தைய படியில் நடக்கிறது. குளுக்கோஸுக்குக் குளுக்கோஸ் ஆக்சிடேஸ், யூரிக் அமிலத்துக்கு யூரிகேஸ், லாக்டேட்டுக்கு லாக்டேட் ஆக்சிடேஸ் என்று ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு நொதி பெராக்சைடை உண்டாக்கிக் கொடுக்கும். அந்தப் பெராக்சைடை நம் சட்டகம் நீலமாக மாற்றிக் காட்டும். நீலத்தை 652 நானோமீட்டரில் படிக்கிறோம்.

எங்கள் அளவு: 200 மைக்ரோலிட்டர் குழி, 0.2 மோலார் அசிடேட் பஃபர் (அமிலத்தன்மையை மாறாமல் பிடித்து வைக்கும் கரைசல்), பிஹெச் 4.0, சட்டகம் மில்லிலிட்டருக்கு 20 மைக்ரோகிராம், டிஎம்பி 0.5 மில்லிமோலார், 37 டிகிரி, 15 நிமிடம். கீழே சொல்வதெல்லாம் இந்த அளவை மனதில் வைத்து.

எந்த அறிகுறியானாலும் முதலில் ஐந்து குழி

பிளேட்டின் ஓரத்தில் இந்த ஐந்தையும் தினமும் போடுங்கள். முதல் குழியில் பஃபரும் டிஎம்பியும் மட்டும். இரண்டாவதில் அதோடு பெராக்சைடு. மூன்றாவதில் பஃபர், டிஎம்பி, சட்டகம், பெராக்சைடு கிடையாது. நான்காவதில் எல்லாம். ஐந்தாவதுதான் பிள்ளைகள் அடிக்கடி விடுவது: சட்டகத்தை அதே பஃபரில் 15 நிமிடம் ஊறவைத்துச் சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, மேலே தெளிந்த நீரை மட்டும் சட்டகத்துக்குப் பதிலாக ஊற்றிய குழி.

நான்காவது மட்டும் நீலம், மற்ற நாலும் வெள்ளை என்றால் உங்கள் பொருள் நேர்மையாக வேலை செய்கிறது. ஐந்தாவதும் நீலமானால் சட்டகத்திலிருந்து இரும்பு கரைந்து வெளியே வந்துவிட்டது. அப்போது நீங்கள் பார்ப்பது கரைந்த இரும்பும் பெராக்சைடும் சேர்ந்து செய்யும் பழைய ஃபென்டன் வினை. நுண்துளைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதை நானோசைம் என்று திசிஸில் எழுதக் கூடாது. இந்த ஒரு குழிக்காக நான் ஒரு பிள்ளையின் இரண்டு மாத வேலையைத் திரும்பச் செய்யச் சொன்னதுண்டு. அவள் அழுதாள், ஆனாலும் செய்தாள், வைவாவில் அந்தக் கேள்விதான் முதலில் வந்தது.

அறிகுறி: எல்லாம் போட்டும் நீலமே இல்லை

சட்டகத்தைச் சந்தேகிக்கும் முன் பெராக்சைடைப் பாருங்கள். 30 சதவீதப் பாட்டில் புதிதாக இருந்தால் ஏறத்தாழ 9.8 மோலார். மூடியைத் திறந்து திறந்து எடுத்த பாட்டில் எவ்வளவு என்று லேபிள் சொல்லாது. 1000 மடங்கு நீர்த்து, குவார்ட்ஸ் குவெட்டில் 240 நானோமீட்டரில் படியுங்கள். ஒளி உறிஞ்சல், அதாவது அப்சார்பன்ஸ், 0.43 பக்கம் வந்தால் சரி, 0.2 வந்தால் பாதிக்கு மேல் போய்விட்டது. பிளாஸ்டிக் குவெட்டில் இதைப் படிக்க முடியாது, 240இல் பிளாஸ்டிக்கே ஒளியை விழுங்கிவிடும்.

பெராக்சைடு சரி என்றால், உண்மையான பெராக்சிடேஸ் நொதியைச் சிறிதளவு வேறு குழியில் சட்டகத்துக்குப் பதிலாக விடுங்கள். அங்கே நீலம் வந்தால் டிஎம்பியும் பெராக்சைடும் பழுதில்லை; குறை சட்டகத்திலோ, சட்டகத்துக்கும் பஃபருக்கும் நடுவிலோ இருக்கிறது.

பெரும்பாலும் பஃபர்தான். உயிர்வேதியியல் படித்துவிட்டு வரும் பிள்ளைகளுக்குக் கை தானாகப் பாஸ்பேட் பஃபருக்குப் போகும். பாஸ்பேட் இரும்பை இறுகப் பிடிக்கும். பிடித்து, டிரைமெசிக் அமிலத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் தான் உட்கார்ந்துகொள்ளும். ஒரு தடவை பாஸ்பேட் உப்புக் கரைசலில் இரவு முழுக்க வைத்த சட்டகத்தைக் காலையில் எடுத்துப் பார்த்தோம். செங்கல் நிறமாக இருந்த தூள் வெளிறிப் போயிருந்தது. அடியில் படிந்தது இருந்தது, சட்டகம் இல்லை. சிட்ரேட்டும் இரும்பைக் கவ்வும். எலிசா (எதிர்ப்புரதம் வைத்து அளக்கும் சோதனை) கிட்டில் வரும் பஃபர்களில் பல சிட்ரேட்டும் பாஸ்பேட்டும் கலந்தவை. பெராக்சிடேஸ் நொதிக்கு அது பொருந்தும், நமக்குப் பொருந்தாது. அசிடேட்டில் நில்லுங்கள். பிஹெச் மீட்டரை அன்றன்று காலிப்ரேட் செய்யுங்கள், 4க்கும் 5.5க்கும் நடுவிலேயே நீலம் பாதிக்கு மேல் இறங்கிவிடும், 7இல் ஏறக்குறைய நின்றுவிடும்.

பஃபரும் சரி என்றால் துளைகள் அடைத்திருக்கின்றன. மில்-100இன் உள்ளறைகள் 2.5, 2.9 நானோமீட்டர், உள்ளே போகும் ஜன்னல்கள் 0.55, 0.86 நானோமீட்டர்தான். வினையில் மிஞ்சிய டிரைமெசிக் அமிலம் அந்த ஜன்னலில் உட்கார்ந்திருந்தால் பெராக்சைடு எங்கே நுழையும்? சூடான தண்ணீரில் ஒருமுறை, சூடான எத்தனாலில் இரண்டு மூன்று முறை, கழுவிய நீரை யூவியில் பார்த்து அமிலத்தின் சுவடு போகும்வரை கழுவுங்கள். பிறகு வெற்றிடத்தில் 100 முதல் 120 டிகிரியில் ஒரு இரவு. நன்றாகச் சுத்தமான மில்-100க்குக் கிராமுக்கு 1500 சதுர மீட்டருக்கு மேல் பரப்பு வரும். உங்களுடையது நானூறு ஐந்நூறு என்று திரும்பி வந்தால் கழுவல் போதவில்லை, அல்லது சட்டகமே சரியாகக் கட்டவில்லை.

அறிகுறி: பிளாங்க்கே நீலமாகிறது

எந்தப் பிளாங்க் என்று கேளுங்கள். அதில்தான் விடை.

முதல் குழி, அதாவது பஃபரும் டிஎம்பியும் மட்டும் உள்ளது, நீலமானால் டிஎம்பி கெட்டுவிட்டது, அல்லது தண்ணீரில் இரும்பு இருக்கிறது. டிஎம்பியை டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் 10 மில்லிமோலாராகக் கரைத்து, அலுமினியத் தாள் சுற்றி, சின்னச் சின்ன வயல்களில் பிரித்து உறையவையுங்கள். தண்ணீர் விஷயத்தை நம் ஊர்க்காரர்கள் தனியாகக் கவனிக்க வேண்டும். கல்குளம், விளவங்கோடு பக்கம் வெட்டுக்கல் மண். கிணற்றுத் தண்ணீர் நின்ற பக்கெட்டில் மஞ்சள் கறை படிவதை எல்லா வீட்டிலும் பார்த்திருப்போம். அந்தத் தண்ணீரில் கழுவிய கண்ணாடியைக் காய்ச்சி வடித்த நீரில் ஒருமுறை அலசிவிட்டால் போதாது. நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் இரவு ஊறவைத்து, மூன்று தடவை அலசுங்கள்.

கடையில் வாங்கிய ரெடிமேட் டிஎம்பி திரவத்தை ஊற்றினீர்களா? ஒரே பாட்டிலில் வரும் பல சப்ஸ்ட்ரேட்டுகளில் பெராக்சைடு ஏற்கெனவே கலந்திருக்கும். பெராக்சைடு போடாத மூன்றாம் குழியில் நீலம் வந்துவிட்டது, புதுக் கண்டுபிடிப்பு என்று ஓடிவந்த பிள்ளையின் கையில் அந்தப் பாட்டில்தான் இருந்தது.

பெராக்சைடு உண்மையாகவே இல்லாமல் மூன்றாம் குழி நீலமானால், உங்கள் பொருள் காற்றின் ஆக்சிஜனையே பயன்படுத்துகிறது. இதை ஆக்சிடேஸ் குணம் என்கிறோம். மாங்கனீசு ஆக்சைடும் சீரியம் ஆக்சைடும் அமிலத்தில் இப்படித்தான் நடக்கும். அது பொருளின் இயல்பு, பழுதென்று எண்ண வேண்டாம். ஆனால் பெராக்சைடை அளக்கும் சோதனைக்கு அந்தப் பொருள் ஆகாது. நைட்ரஜன் குமிழவிட்டு ஆக்சிஜனை வெளியேற்றிப் பாருங்கள். நீலம் குறைந்தால் உறுதி.

சீரியம் என்றதும் மணவாளக்குறிச்சி நினைவுக்கு வராமல் இருக்காது. அங்கே கடற்கரைக் கருமணலிலிருந்து பிரிக்கும் மோனசைட் என்பது சீரியம், லாந்தனம், தோரியம் எல்லாம் பாஸ்பேட்டாக இறுகிய கனிமம். எத்தனையோ காலம் மழையும் கடலும் அடித்தும் சீரியம் பாஸ்பேட்டை விட்டுப் பிரியவில்லை. சீரியம் ஆக்சைடு நானோதுகளைப் பாஸ்பேட் பஃபரில் போட்டால் மேற்பரப்பில் நடப்பதும் அதே பிணைப்புதான். துகளின் குணமே மாறிவிடும். பாஸ்பேட் வேண்டாம் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதை நம்பாத பிள்ளைகளுக்கு இந்த மணலைத்தான் காட்டுவேன்.

அறிகுறி: நீலம் வந்து பச்சையாகிறது, மஞ்சளாகிறது, மங்குகிறது

பச்சை, பிறகு மஞ்சள்: பெராக்சைடு அதிகம். டிஎம்பி ஒரு படி ஆக்சிஜனேற்றத்தில் நீலம், இரண்டாம் படியில் மஞ்சள். 652இல் எண் இறங்கும், 450இல் ஏறும். இரண்டு அலைநீளத்திலும் படித்தால் தெரிந்துவிடும். பெராக்சைடைப் பத்தில் ஒன்றாக்குங்கள். குளுக்கோஸ் அதிகமுள்ள மாதிரிக்குக் குறைந்த எண் வருவது இப்படித்தான். அதைக் கவனிக்காமல் விட்டால் சர்க்கரை கூடியவரைச் சர்க்கரை குறைந்தவர் என்று சொல்லிவிடுவோம்.

கருநீலத் துகளாக அடியில் படிந்தால் டிஎம்பி கூடுதல். நீரில் அதன் கரைதிறன் குறைவு. அதற்காக டிஎம்எஸ்ஓவைக் கூட்டாதீர்கள். டிஎம்எஸ்ஓ ஹைட்ராக்சில் ரேடிக்கலை விழுங்கும், நீலத்தை உண்டாக்கும் கையையே கட்டிவிடும். எல்லாக் குழியிலும் 5 சதவீதத்துக்குள், எல்லாவற்றிலும் ஒரே அளவு.

நிறம் மாறாமல் வெறுமனே மங்கினால் மாதிரியில் ஒடுக்கும் பொருள் இருக்கிறது. அதைச் சீரம், அதாவது ரத்தம் உறைந்தபின் தெளியும் நீர், பற்றிய பகுதியில் சொல்கிறேன். குமிழ் வருகிறதா என்றும் பாருங்கள். பிஹெச் ஏறிவிட்டால் இரும்பு ஆக்சைடு, பிரஷ்யன் நீலம் போன்றவை கேட்டலேஸ் வேலைக்குத் தாவி, பெராக்சைடைத் தண்ணீரும் ஆக்சிஜனுமாக உடைத்துத் தீர்த்துவிடும்.

அறிகுறி: ஒரே மாதிரி, மூன்று குழி, மூன்று எண்

குலசேகரம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பிள்ளைக்கு இதுதான் பிரச்சினை. 0.31, 0.52, 0.24. பிப்பெட் சரி, நேரம் சரி. சட்டகத்தைக் கலந்து வைத்த ஸ்டாக் குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கழுத்தில் தெளிந்த நீர், அடியில் ஆரஞ்சு வண்டல். அவள் எடுத்த ஆழத்துக்கு ஏற்ப ஒவ்வொரு குழிக்கும் ஒவ்வொரு அளவு போயிருக்கிறது.

"மக்களே, வீட்டுல ரப்பர் பால்ல ஆசிட் விட்டா என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

"உறைஞ்சிரும் மிஸ்."

அதேதான். ரப்பர் பாலில் துகள்கள் ஒன்றையொன்று தள்ளும் மின்னூட்டத்தால் மிதக்கின்றன. ஃபார்மிக் அமிலம் விட்டதும் மின்னூட்டம் போய் ஒன்றோடொன்று ஒட்டித் தட்டில் ஷீட்டாக உறைகின்றன. நம் துகளுக்கும் மின்னூட்டம் தீர்ந்துபோகும் ஒரு பிஹெச் உண்டு. ஸ்டாக்கை அந்த பிஹெச்சுக்குப் பக்கத்திலோ, உப்பு கூடிய கரைசலிலோ வைத்தால் கட்டிதட்டும். ஸ்டாக்கைச் சுத்தமான நீரில் வையுங்கள். எடுக்கும் முன் 5 நிமிடம் சோனிகேட் செய்யுங்கள், அதாவது ஒலி அலையால் கட்டியைக் கலையுங்கள். மூன்று குழிக்கும் ஒரே மூச்சில் எடுங்கள். ஒவ்வொரு முறையும் குப்பியைக் கவிழ்த்துக் குலுக்குங்கள். அன்று மாலை அவளுக்கு 0.36, 0.37, 0.36 வந்தது.

துகள்கள் ஒளியைச் சிதறடிப்பதும் எண்ணில் சேரும். டிஎம்பி இல்லாமல் சட்டகமும் பஃபரும் மட்டும் உள்ள குழியின் எண்ணைக் கழியுங்கள், அல்லது படிக்கும் முன் சுற்றித் தெளிந்ததை மட்டும் படியுங்கள். இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். 1 சென்டிமீட்டர் குவெட்டில் ஆக்சிஜனேறிய டிஎம்பி 10 மைக்ரோமோலாருக்கு அப்சார்பன்ஸ் 0.39. பிளேட் குழியில் 200 மைக்ரோலிட்டர் ஊற்றினால் ஒளி கடக்கும் தூரம் அரை சென்டிமீட்டருக்குச் சற்று மேல்தான். குவெட் எண்ணையும் பிளேட் எண்ணையும் ஒரே கிராஃபில் போடாதீர்கள்.

அறிகுறி: பெராக்சைடுக்கு நல்ல அளவுக் கோடு, குளுக்கோஸுக்கு ஒன்றுமில்லை

சட்டகம் தேறிவிட்டது, முதல் படி நொதிதான் தடுமாறுகிறது. குளுக்கோஸ் ஆக்சிடேஸுக்கு பிஹெச் 5.5 முதல் 7 வரை சௌகரியம், நம் 4.0 அதற்கு ஆகாது. இரண்டையும் ஒரே குழியில் ஒரே நேரத்தில் போட்டால் ஒன்று தூங்கும். இரண்டு படியாகப் பிரியுங்கள். முதலில் நீர்த்த அசிடேட், பிஹெச் 5.5, 37 டிகிரியில் 30 நிமிடம். பிறகு செறிவான அசிடேட் விட்டு 4.0க்கு இறக்கி, டிஎம்பியும் சட்டகமும். இரண்டு படியிலும் அசிடேட்டாகவே இருப்பதால் பாஸ்பேட் தொல்லை வராது. யூரிகேஸ் பிஹெச் 8.5 பக்கம் விரும்பும், அங்கே இந்தப் பிரிப்பு இன்னும் கட்டாயம்.

நொதிப் பாட்டிலின் சான்றிதழைப் படியுங்கள். மலிவான குளுக்கோஸ் ஆக்சிடேஸில் கேட்டலேஸ் கலப்பு இருக்கும். ஒரு கை பெராக்சைடை உண்டாக்க, மறு கை அழிக்கும். தெரிந்த அளவு பெராக்சைடை நொதியோடு 30 நிமிடம் வைத்துப் பாருங்கள். குறைந்தால் பாட்டிலை மாற்றுங்கள்.

குளுக்கோஸைக் கரைத்த உடனே ஸ்டாண்டர்டாகப் பயன்படுத்தினால் எண் குறைவாக வரும். நொதி பீட்டா வடிவத்தை மட்டும் தொடும். தூளில் பெரும்பாலும் இருப்பது ஆல்ஃபா. இரவு வைத்தால் ஏறக்குறைய ஆல்ஃபா 36, பீட்டா 64 என்ற விகிதத்தில் தானாகச் சமநிலைக்கு வரும். முதல்நாள் சாயங்காலமே கரைத்து வைத்துவிடுங்கள்.

கோடு மேலே போய்ச் சட்டென்று படுத்துவிட்டால் ஆக்சிஜன் தீர்ந்தது. நம் வெப்பத்தில் நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் ஏறத்தாழ 0.24 மில்லிமோலார். ஒரு குளுக்கோஸுக்கு ஒரு ஆக்சிஜன் வேண்டும். 5 மில்லிமோலார் குளுக்கோஸை நீர்க்காமல் ஊற்றினால் 0.24க்கு மேல் காற்றிலிருந்து கரைந்து வருவதை எதிர்பார்த்து நிற்கிறது நொதி.

நொதியைத் துளைக்குள் வைத்துப் பூட்டப் போகிறேன் என்று யாராவது சொன்னால் அளவைக் கேளுங்கள். குளுக்கோஸ் ஆக்சிடேஸ் 160 கிலோடால்டன், 0.86 நானோமீட்டர் ஜன்னல் வழியாக அது போகாது. வெளிச்சுவரில் ஒட்டியிருக்கும், கழுவினால் போகும்.

அறிகுறி: பஃபரில் அருமை, சீரத்தில் தப்பு

இந்தப் பகுதியைத்தான் நான் பொறுமையாகப் படிக்கச் சொல்வேன். திசிஸ்களில் ஒரே ஒரு டேபிளோடு முடித்துவிடும் இடமும் இதுதான்.

மாதிரி எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்குங்கள். நெறிமுறைக் குழு அனுமதி பெற்று எடுத்த மாதிரி மட்டுமே மேசைக்கு வர வேண்டும், அது பேச்சுக்கே அப்பாற்பட்டது. குளச்சலிலோ மார்த்தாண்டத்திலோ காலையில் எடுத்த ரத்தம் பிரிக்காமல் பஸ்ஸில் வந்து சேர்வதற்குள் சிவப்பணுக்கள் குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருக்கும். அறை வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் போகும். மூன்று மணி நேரத்தில் டெசிலிட்டருக்கு 110 மில்லிகிராம் என்பது 90க்குப் பக்கம் வந்துவிடும். சட்டகத்தைக் குறை சொல்வதில் நியாயமில்லை. எடுத்த இடத்திலேயே, ரத்தம் உறைந்ததும் தாமதிக்காமல் சீரம் பிரித்து ஐஸில் அனுப்பச் சொல்லுங்கள்.

சரி, சாம்பல் மூடிக் குழாயில் எடுத்தால் தின்பது நிற்குமே என்பீர்கள். நிற்கும். ஆனால் உடனே இல்லை, முதல் ஓரிரு மணி நேரம் தின்பது தொடரும். அதில் இருப்பது சோடியம் ஃபுளோரைடும் பொட்டாசியம் ஆக்சலேட்டும். இரண்டும் இரும்பைப் பிடிப்பவை! ஊதா மூடியில் இடிடிஏ, நீல மூடியில் சிட்ரேட். அவையும் இரும்புக்கு எதிரிகள். சிவப்பு மூடி வெறுங்குழாய்தான் நமக்கு ஒத்துவருவது. சாம்பல் குழாய் தவிர வேறு வழியில்லை என்றால் கணக்குப் போடுங்கள். மில்லிலிட்டர் ரத்தத்துக்கு 2.5 மில்லிகிராம் ஃபுளோரைடு உப்பு என்றால் 60 மில்லிமோலார். 50 மடங்கு நீர்த்தால் 1.2. ஸ்டாண்டர்டுகள் ஒவ்வொன்றிலும் அதே 1.2 மில்லிமோலார் ஃபுளோரைடும் அதற்கேற்ற ஆக்சலேட்டும் சேர்த்துவிட்டு ஒப்பிடுங்கள்.

சீரத்தின் நிறத்தைப் பாருங்கள். இளமஞ்சள் இருக்க வேண்டும். ரோஜா நிறமாக இருந்தால் சிவப்பணு உடைந்திருக்கிறது. ஹீமோகுளோபினுக்கே பெராக்சிடேஸ் குணம் உண்டு. அது நீலத்தைக் கூட்டும். அணுவுக்குள் இருந்த கேட்டலேஸும் வெளியே வரும். அது பெராக்சைடைத் தின்று நீலத்தைக் குறைக்கும். எந்தப் பக்கம் இழுக்கும் என்று சொல்ல முடியாது. அந்த மாதிரியை ஒதுக்கிவிடுங்கள், ஒதுக்கியதை நோட்டில் எழுதுங்கள்.

நிறம் சரி, எண் மட்டும் குறைவு என்றால் காரணம் இரண்டில் ஒன்று: மாதிரியிலுள்ள வைட்டமின் சி போன்றவை உண்டான நீலத்தைத் திரும்ப வெளுக்கின்றன, அல்லது புரதம் போய்ச் சட்டகத்தை மூடிக்கொள்கிறது. இரண்டையும் பிரிக்க 15ஆம் நிமிட எண் ஒன்று மட்டும் உதவாது. 30 விநாடிக்கு ஒருமுறை படித்து வரையுங்கள். நீலம் முதல் சில நிமிடம் அசையாமல் கிடந்து, பிறகு பஃபரில் ஏறிய அதே சாய்வில் ஏறினால், ஒடுக்கும் பொருள் இருந்து தீர்ந்திருக்கிறது. முதல் விநாடியிலேயே ஏறத் தொடங்கி, ஆனால் சாய்வு படுத்திருந்தால், சட்டகத்தின் வாசல் அடைபட்டிருக்கிறது. இந்தக் கிராஃபை ஒருமுறை பார்த்த பிள்ளை பிறகு ஒருநாளும் வெறும் முடிவு எண்ணை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்ததில்லை.

குளுக்கோஸுக்கு மருந்து நீர்ப்புதான். ஆரோக்கியமானவரின் சீரத்தில் குளுக்கோஸ் டெசிலிட்டருக்கு 90 மில்லிகிராம் என்றால் 5 மில்லிமோலார்; வைட்டமின் சி சுமார் 50 மைக்ரோமோலார்; யூரிக் அமிலம் சுமார் 300. 50 மடங்கு நீர்த்தால் குளுக்கோஸ் 100 மைக்ரோமோலார் நிற்கும், வைட்டமின் சி 1, யூரிக் அமிலம் 6. ஆக்சிஜனும் போதும். வைட்டமின் மாத்திரை தின்பவர்களிடம் இந்தக் கணக்கு மாறும். மாதிரிப் படிவத்தில் அந்தக் கேள்வியைச் சேருங்கள்.

புரதத்துக்கு 10 கிலோடால்டன் வடிகட்டிக் குழாய் நல்லது. குளுக்கோஸ் கீழே இறங்கும், ஆல்புமின் மேலே நிற்கும். டிரைகுளோரோஅசிடிக் அமிலம் விட்டு வீழ்த்தும் பழைய முறையும் சரிதான், ஆனால் மிஞ்சும் அமிலம் பிஹெச்சைக் கீழே தள்ளி நொதியைக் கொன்றுவிடும். நடுநிலையாக்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். ரத்தத்தில் நானோகிராம் கணக்கில் இருக்கும் புற்றுநோய்ப் புரதங்களை அளக்க நினைப்பவர்களுக்கு நீர்ப்பும் உதவாது, வடிகட்டியும் உதவாது. அவர்கள் சட்டகத்தை எதிர்ப்புரதத்தில் (ஆன்டிபாடி) கட்டி, பிடித்தபின் நன்றாகக் கழுவி, சீரம் முழுதும் போனபிறகே டிஎம்பி ஊற்ற வேண்டும்.

சரியாகிவிட்டதா என்று பார்க்க ஒரே வழி, சேர்த்துப் பார்ப்பது. நீர்த்த சீரம் 100 மைக்ரோமோலார் காட்டுகிறது என்று வையுங்கள். அதில் 50 சேருங்கள். 150 காட்ட வேண்டும். 130 காட்டினால் சேர்த்ததில் 60 சதவீதம்தான் திரும்ப வந்தது. அப்படியானால் முதலில் காட்டிய 100ம் உண்மையில் கூடுதலாகவே இருந்திருக்கும். சீரத்துக்குள்ளேயே நாலைந்து அளவு சேர்த்துக் கோடு வரைந்து, அந்தக் கோட்டிலிருந்து கணக்கிடுங்கள். பஃபர் கோட்டை அந்த மாதிரிக்குப் பயன்படுத்தாதீர்கள்.

அறிகுறி: போன பேட்ச் ஓடியது, இந்தப் பேட்ச் ஓடவில்லை

தேதியைப் பாருங்கள். நமக்கு ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொன்று. ஃபெரிக் குளோரைடு காற்றின் ஈரத்தைக் குடித்துக் குழம்பாகிவிடும். நீங்கள் எடை போட்ட 1 கிராமில் எவ்வளவு இரும்பு, எவ்வளவு தண்ணீர் என்று தெரியாது. ஃபெரஸ் குளோரைடில் தொடங்கும் அறைவெப்ப முறையானால், பச்சையாக இருக்க வேண்டிய உப்பு மஞ்சளடித்திருந்தால் பாதி ஆக்சிஜனேறிவிட்டது. டெசிகேட்டரில் சிலிக்கா நீலமாக இருக்கும்போது மட்டும் நிறுங்கள். புதுப் பேட்ச்சின் எக்ஸ்ரே கோடுகள் பழையதோடு பொருந்துகின்றனவா என்று பார்த்தபிறகே சீரத்தைத் தொடுங்கள். பழைய பேட்ச்சிலிருந்து ஒரு சிட்டிகை எப்போதும் உலர்த்தி மூடி வையுங்கள், புதியதும் பழையதும் ஒரே பிளேட்டில் பக்கத்துப் பக்கத்தில் ஓட வேண்டும்.

அறிகுறி என்று சொல்ல முடியாது, ஆனாலும் வரும்: "எண் சரியா வருது மிஸ், அப்பாவுக்குப் பாக்கலாமா?"

ரப்பர் பால் உறைவதைச் சொன்ன அதே பிள்ளைதான் கேட்டாள். அப்பா பால் வெட்டுக்குப் போகிறவர், விடியும் முன்னே எழுந்து மலையேறுகிறவர். கொஞ்ச நாளாகத் தாகம் அதிகம், இரவில் நாலைந்து தடவை எழுகிறார். அவளுடைய கோடு நேராக இருந்தது, சேர்த்துப் பார்த்ததில் 97 சதவீதம் திரும்ப வந்திருந்தது. அவள் கேட்டதில் தப்பில்லை.

வேண்டாம் என்றேன். அவருக்கு இன்றைக்கே பதில் வேண்டும், நம் குழியில் அந்தப் பதில் இன்னும் இல்லை. வெறும் வயிற்றில் டெசிலிட்டருக்கு 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ என்றால் நீரிழிவு, 100 முதல் 125 வரை என்றால் முந்தைய நிலை. அந்த எல்லையில் ஒரு மாதிரி 118 என்றும் மறுநாள் 131 என்றும் காட்டும் சோதனையை வைத்து ஒரு மனிதருக்கு மருந்து தொடங்க முடியாது. நம் சோதனை அந்த இடத்துக்குப் போக, மருத்துவ ஆய்வகத்தில் அளந்த அதே மாதிரிகளை எண் தெரியாமல் வாங்கி, குறைவு, நடுத்தரம், கூடுதல் மூன்றும் கலந்து, வெவ்வேறு நாளில், வெவ்வேறு பேட்ச்சில் அளந்து, பிறகு கவரைத் திறந்து ஒப்பிட வேண்டும்.

மறுநாள் காலை அப்பாவை வெறும் வயிற்றோடு அழைத்துக்கொண்டு அவள் ஊர்ப்பக்கத்து ஆய்வகத்துக்குப் போனாள். பத்தரை மணிக்கு வந்து, ஒன்றும் சொல்லாமல் லேப் கோட் மாட்டிக்கொண்டு, பிளேட்டின் ஓரத்தில் அன்றைய ஐந்து குழியைப் போடத் தொடங்கினாள்.